மாறிக்கொண்டே இருக்கிறது: எங்கே எழுதலாம், எங்கே வேண்டாம்

விளம்பரத் துண்டறிக்கை, வங்கிக் கடிதம், செல்போன் செயலி, மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் காகிதம் என்று எதையாவது ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவருகிறார்கள் இல்லையா, அதைத் திருத்திக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. திருச்சியில் வீட்டிலேயே உட்கார்ந்து செய்கிற வேலை. அதில் அடிக்கடி கண்ணில் படுகிற தொடர் ஒன்று உண்டு: ‘எப்போதும் மாறிக்கொண்டே இருக்கும்’. ‘எப்போதும் மாறிக்கொண்டே இருக்கும் உலகில், எப்போதும் மாறிக்கொண்டே இருக்கும் உங்கள் தேவைகளுக்காக’ என்று ஒரே வரியில் இரண்டு தடவை வந்த காப்பீட்டு விளம்பரம்கூட என் கைக்கு வந்திருக்கிறது. இலக்கணப் பிழை ஒன்றும் கிடையாது. வாய்விட்டுப் படித்தால்தான் மூச்சு வாங்கும்.

ஓயாமல் மாறுவதைக் குறிக்கத் தமிழில் ஒற்றைச் சொல் வேண்டும் என்று தேடுவதால் வருகிற வினை இது. நம் மொழி அந்த வேலையை வினையின் வாலில் வைத்திருக்கிறது. ‘மாறு’ என்ற வேர் ஒன்றுதான். பின்னால் எதை ஒட்டுகிறோம் என்பதை வைத்து அது எந்த மாதிரி மாற்றம் என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடும். அதனால் பேனாவை எடுப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இது எப்படி மாறுகிறது? ஒரே திசையில் நகர்கிறதா, இரண்டு நிலைகளுக்கு நடுவே போய்ப்போய் வருகிறதா, அல்லது நினைத்த நேரத்துக்கு நினைத்தபடியா? பதில் தெரிந்தால் வால் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

அந்த ஏகாரம்

முதலில் ‘கொண்டே’யில் இருக்கும் ஏகாரத்தைப் பார்த்துவிடலாம். ‘எதிர்வீட்டுக்காரர் பேசிக்கொண்டிருந்தார்’ என்றால் அது ஒரு செய்தி. ‘பேசிக்கொண்டே இருந்தார்’ என்றால் கேட்டவருக்குக் கொட்டாவி வந்துவிட்டது என்று அர்த்தம். மாறுவதற்கும் இதே கதைதான். ‘பேருந்து நிறுத்தம் மாறிக்கொண்டிருக்கிறது’ என்றால் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோகும் வேலை நடக்கிறது, சீக்கிரம் முடிந்துவிடும். ‘மாறிக்கொண்டே இருக்கிறது’ என்றால் போன வாரம் அரசமரத்தடி, இந்த வாரம் பெட்ரோல் பங்க் எதிரில், அடுத்த வாரம் எங்கேயோ. சொல்கிறவருக்கு அலுத்துப்போய்விட்டது.

ஆக, அந்த ஓர் எழுத்துக்குள் முடிவில்லாமையும் இருக்கிறது, சலிப்பும் இருக்கிறது. இரண்டும் வேண்டிய இடத்தில் போடுங்கள், பிரமாதமாக இருக்கும். ‘மாடி வீட்டில் ஆள் மாறிக்கொண்டே இருக்கிறது’ என்று பக்கத்து வீட்டம்மா சொன்னால் அதில் அத்தனை வம்பும் அடங்கிவிடுகிறது. (இங்கே ‘மாடி வீட்டுக்காரர் மாறிக்கொண்டே இருக்கிறார்’ என்று எழுதினால் பொருளே வேறு. குடியிருப்பவர் ஒருவர்தான், குணம்தான் மாறுகிறது என்று ஆகிவிடும்.)

சலிப்பு வேண்டாத இடத்தில் இது கெடுதல் செய்யும். வீட்டுக்கடன் வாங்கியவருக்கு ‘உங்கள் வட்டி விகிதம் மாறிக்கொண்டே இருக்கும்’ என்று வங்கி எழுதினால் அவருக்குத் தூக்கம் போய்விடும். நடப்பது அப்படி அல்ல. 2019 அக்டோபர் முதல், வங்கிகள் புதிதாகக் கொடுக்கும் மாறும் வட்டி வீட்டுக்கடன்களை ரெப்போ விகிதம் (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி) போன்ற ஒரு வெளி அளவுகோலுடன் இணைக்க வேண்டும், 3 மாதத்துக்கு ஒரு முறையாவது வட்டியை அதற்கேற்பத் திருத்த வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதைச் சொல்ல ‘அவ்வப்போது மாறும்’ போதும். எவ்வளவு நாளுக்கு ஒரு முறை என்று தெரிந்தால் அதையே எழுதிவிடுவது இன்னும் நல்லது. கடன் வகையின் பெயராக வரும்போது ‘மாறும் வட்டி’, ‘நிலையான வட்டி’ என்று சுருக்கமாக முடித்துக்கொள்ளலாம்.

இந்த ‘மாறும்’ என்ற சாதாரண வடிவத்தை யாரும் மதிப்பதில்லை என்பது என் மனக்குறை. ‘மலைமேல் வானிலை நொடிக்கு நொடி மாறும்’ என்கிறோம். அந்த ‘உம்’ வருங்காலத்தை மட்டுமா சொல்கிறது? எப்போதும் அப்படித்தான் என்கிற வழக்கத்தையும் சேர்த்தே சொல்கிறது. அதோடு ‘எப்போதும்’, ‘தொடர்ந்து’, ‘இடைவிடாமல்’ எதையும் சேர்க்கத் தேவையில்லை. ‘கொண்டே’ இருக்கும் இடத்தில் இவை இன்னும் வீண். ‘தொடர்ந்து மாறிக்கொண்டே இருக்கிறது’ என்பதில் ஒன்றையே இரண்டு தடவை சொல்கிறோம். ‘தொடர்ச்சியான மாற்றங்களுக்கு உள்ளாகிக்கொண்டே வருகிறது’ என்று வந்தால் நான் கேட்காமலேயே வெட்டிவிடுவேன்.

வருகிறதா, போகிறதா

‘மாறிவருகிறது’ என்பதற்கு ஒரு திசை உண்டு. முன்பு ஒரு மாதிரி இருந்தது, மெல்ல நகர்ந்து இன்றைக்கு இங்கே வந்து நிற்கிறது, இன்னும் நகரும். ‘கல்யாணப் பந்தியில் சாப்பாட்டு முறை மாறிவருகிறது’ என்று எழுதலாம். இலையில் பரிமாறியது போய், தட்டை ஏந்தி வரிசையில் நிற்பது வந்துவிட்டது. அதையே போக்குவரத்து விளக்குக்கு எழுதிப் பாருங்கள்: ‘சிவப்பு, பச்சையாக மாறிவருகிறது’. விளக்கு ஏதோ காய் பழுப்பதுபோல் மெல்லமெல்லப் பழுக்கிறது என்று தோன்றும். தங்கம் விலைக்கும் ஒத்துவராது. அதற்கு ‘உயர்ந்துவருகிறது’, ‘குறைந்துவருகிறது’ சரி. இரண்டும் இல்லாமல் குதித்தால் ‘ஏறி இறங்குகிறது’.

‘மாறிக்கொண்டே போகிறது’ என்றால் நம்மைவிட்டு விலகிப் போகிறது. இதில் கொஞ்சம் ஆற்றாமை ஒட்டியிருக்கும். ‘ஊர் மாறிக்கொண்டே வருகிறது’ என்பவர் புது மேம்பாலத்தைக் காட்டுகிறார், ‘மாறிக்கொண்டே போகிறது’ என்பவர் வெட்டிய புளியமரத்தைக் காட்டுகிறார். தொழில் அறிக்கையில் இரண்டாவதை எழுதிவிடாதீர்கள், நிறுவனம் ஒப்பாரி வைக்கிறதோ என்று நினைப்பார்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு வசதியை எழுதுகிறவர்கள் மறந்தே போய்விட்டார்கள். ‘வரவர’, ‘போகப்போக’, ‘நாளாக நாளாக’. வினையை இரட்டித்தாலே மாற்றத்தின் வேகம் வந்துவிடுகிறது. இதற்கு நல்ல உதாரணம் ரயில் கட்டணத்தில் கிடைத்தது. என்னோடு வேலை செய்யும் தம்பி ஒருநாள் போன் செய்தான்.

“அக்கா, ‘டைனமிக் ஃபேர்’னு வருது. ‘இயங்குநிலைக் கட்டணம்’னு போடட்டுமா?”

“எந்த வண்டிக்குப்பா?”

“சதாப்தி.”

“அது என்ன பண்ணும்? இறங்குமா?”

“இறங்காதுக்கா. சீட்டு போகப்போக ஏறும்.”

“இப்ப நீ சொன்னதையே எழுது.”

அவ்வளவுதான். ராஜதானி, சதாப்தி, துரந்தோ வண்டிகளுக்கு 2016 செப்டம்பர் 9 முதல் வந்த ஏற்பாடு அது. ஒவ்வொரு 10 சதவீத இடம் விற்றுத் தீரும்போதும் அடிப்படைக் கட்டணம் 10 சதவீதம் ஏறும், ஓர் உச்சவரம்போடு நின்றுவிடும். இடம் விற்க விற்க ஏறுவதுதான் அதன் கணக்கு. அதை ‘மாறும் கட்டணம்’ என்று எழுதினாலே படிப்பவர், காத்திருந்தால் குறையுமோ என்று ஏமாந்துபோவார். ‘இடங்கள் நிரம்ப நிரம்ப ஏறும் கட்டணம்’ என்றால் யாருக்கும் சந்தேகம் வராது. ‘டைனமிக்’ என்ற அந்தச் சொல்லுக்கு நிரந்தரமாக ஒரு தமிழ்ச் சொல் வைத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கட்சி. ஆளைப் பற்றி வந்தால் ‘துடிப்பான’, கட்டணமாக இருந்தால் மேலே சொன்ன மாதிரி, செயலியின் திரையாக இருந்தால் ‘தானே மாறும்’. இடத்தைப் பார்த்து எழுத வேண்டியதுதான்.

மாறிமாறி

இரண்டே இரண்டு நிலை, ஒன்றுக்குப் பிறகு இன்னொன்று என்றால் ‘மாறிமாறி’. ‘அம்மாவுக்கு ஆபரேஷன் ஆனபோது நானும் அண்ணியும் மாறிமாறி ஆஸ்பத்திரியில் இருந்தோம்.’ முறை வைத்துக்கொண்டு செய்தோம் என்பது அதிலேயே வந்துவிட்டது. ‘வெயிலும் மழையும் மாறிமாறி வந்தது’ என்பதும் அப்படித்தான்.

தமிழ்நாட்டு அரசியல் செய்தியில் ‘இரண்டு கழகங்களும் மாறிமாறி ஆண்டன’ என்ற வரியைப் படிக்காதவர் இருக்க முடியாது. 1989 தொடங்கி 2011 வரை ஒவ்வொரு சட்டமன்றத் தேர்தலிலும் தி.மு.க., அ.தி.மு.க. என்று ஆட்சி கை மாறியது. அந்தக் காலத்துக்கு இந்தச் சொல் அச்சாகப் பொருந்தும். 2016இல் ஆளுங்கட்சியே திரும்ப வந்தது. அந்தத் தேர்தலையும் சேர்த்துப் பேசும்போது பழக்கதோஷத்தில் ‘மாறிமாறி’ போட்டால் கணக்கு உதைக்கும்.

நம் வீட்டு மின்சாரமும் இதே ரகம்தான். திசை போய்ப்போய் திரும்புகிறது, இந்தியாவில் நொடிக்கு 50 சுற்று, ஒரு சுற்றுக்கு இரண்டு திருப்பம். பள்ளிப் பாடநூலில் அதற்கு ‘மாறுதிசை மின்னோட்டம்’ என்று பெயர். எனக்கு மிகவும் பிடித்த கலைச்சொற்களில் இது ஒன்று. ‘மாறுதிசை’ வினைத்தொகை. மாறிய திசை, மாறுகிற திசை, மாறும் திசை மூன்றும் அதற்குள் அடக்கம். ஊறுகாயைச் சொல்லித்தானே தமிழ் வாத்தியார்கள் வினைத்தொகை நடத்துவார்கள்: ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய். வளர்பிறை, தேய்பிறையும் அந்தக் குடும்பம்தான். நின்றுபோகாத மாற்றத்தைச் சுருக்கமாகச் சொல்வதற்கு இதைவிடச் சிக்கனமான ஏற்பாடு கிடையாது. புதிய தொடர் உருவாக்க வேண்டி வந்தால் முதலில் இந்த வழியில் முயன்று பாருங்கள்.

இதில் ஒற்றுப் பிழை நிறைய வரும். வினைத்தொகையில் வல்லினம் மிகாது. மாறுதிசை, மாறுகண், ஊறுகாய் எதிலும் ஒற்று இல்லை. ‘மாற்று’ என்று பெயராக வந்தால் மிகும்: மாற்றுக்கருத்து, மாற்றுத்துணி, மாற்றுத்திறனாளி. ‘மாறுத்திசை’, ‘மாற்றுகருத்து’ இரண்டும் தவறு. ‘மாறிக்கொண்டே’யில் க் போட மறக்காதீர்கள். ‘மாரி’ என்று இடையின ரகரத்தைப் போட்டால் மழை பெய்துவிடும்.

யார் மாற்றுகிறார்கள்?

‘மாறு’ தன்வினை, ‘மாற்று’ பிறவினை. இதைப் பள்ளியோடு விட்டுவிட்டோம், ஆனால் ஒப்பந்தங்களில் இதுதான் உயிர். ‘விதிமுறைகள் மாறிக்கொண்டே இருக்கும்’ என்று எழுதினால் விதிமுறைகள் தாமாகவே கடல் அலைபோல் வந்துபோகின்றன என்று ஆகிறது. மாற்றுகிறவர் மறைந்துகொண்டார். ‘விதிமுறைகளை நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்’ என்று எழுதுங்கள். வாடிக்கையாளருக்குச் சேர வேண்டிய உண்மை அது. சில நிறுவனங்கள் இந்தத் திருத்தத்தைத் திருப்பி அனுப்பியிருக்கின்றன. ஏன் என்று சொல்லத் தேவையில்லை.

‘மாறுதலுக்கு உட்பட்டது’ என்பதும் இங்கேதான் சேரும். மாறலாம், மாறாமலும் இருக்கலாம் என்பது மட்டுமே அதன் பொருள். மாறிக்கொண்டே இருப்பதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பெட்ரோல், டீசல் விலையைப் பாருங்கள். முன்பு மாதத்தில் 1, 16 ஆகிய தேதிகளில் மாற்றினார்கள். 2017 ஜூன் 16 முதல் நாடு முழுக்கத் தினசரி மாற்றும் முறை வந்தது. ஏற்பாடு தினசரிதான், ஆனால் விலை மாதக்கணக்கில் அசையாமல் நின்ற காலங்களும் உண்டு. ‘தினமும் மாறுகிறது’ என்று எழுதலாமா, ‘தினமும் மாறலாம்’ என்று எழுதலாமா என்பதை அன்றைய நிலவரம் பார்த்து முடிவுசெய்ய வேண்டும்.

மருந்து, மருத்துவமனை சம்பந்தப்பட்ட எழுத்தில் இன்னும் கவனம் வேண்டும். பேச்சில் ‘மாறிப்போச்சு’ என்றால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்று வந்துவிட்டது என்று அர்த்தம். கல்யாண மண்டபத்தில் ‘செருப்பு மாறிப்போச்சு’ என்கிறோமே, யாரோ நம்முடையதைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள், அவருடையது வாசலில் கிடக்கிறது, ஒரு சைஸ் சின்னதாக. ‘உங்கள் மருந்து மாறிவிட்டது’ என்று நோயாளிக்கு ஒரு குறுஞ்செய்தி போனால் அவர் செருப்பு மாறின மாதிரிதான் படிப்பார், பதறிப்போவார். ‘மருத்துவர் உங்கள் மருந்தை மாற்றியிருக்கிறார்’ என்று ஆளைப் போட்டு எழுதிவிட்டால் தொல்லை இல்லை.

மாறு இல்லாமலே

என் மாமா பெரிய கடைவீதியில் ஒரு நகைக்கடையில் பல வருஷம் கவுண்டரில் நின்றவர். கடைப் பலகையில் ‘இன்றைய விலை’ என்று எழுதி, கீழே கிராமுக்கு இவ்வளவு, 8 கிராம் சவரனுக்கு இவ்வளவு என்று எண்களை மட்டும் மாட்டி மாட்டிக் கழற்றுவார்கள். ‘விலை மாறிக்கொண்டே இருக்கும்’ என்று எங்கேயும் எழுதியது கிடையாது. ‘இன்றைய’ என்ற சொல்லே அந்த வேலையைச் செய்துவிட்டது. “காலையில வேற ரேட்டு சொன்னீங்களே?” என்று யாராவது சண்டைக்கு வந்தால், “காலையில வந்தீங்க, காலை ரேட்டு. இப்ப வந்திருக்கீங்க, இப்ப ரேட்டு” என்பார் மாமா. (தங்கத்துக்குச் சொல்லும் ‘பத்தரை மாற்று’ தரத்தைக் குறிக்கும் கணக்கு, நம் விஷயத்தோடு அதற்குச் சம்பந்தமில்லை.)

‘ஒரு’ என்பதை வைத்தே தமிழில் ஓயாத மாற்றத்தைச் சொல்லிவிடலாம். நேரத்துக்கு ஒரு பேச்சு, நாளுக்கு ஒரு விலை, ஆளுக்கு ஒரு நியாயம், வேளைக்கு ஒரு குணம். ‘அவருடைய நிலைப்பாடு எப்போதும் மாறிக்கொண்டே இருக்கும் தன்மை கொண்டது’ என்ற ஒரு வரியை ‘அவர் நேரத்துக்கு ஒன்று பேசுவார்’ என்று மாற்றினேன். கண்டனம் வேண்டும் என்றால் இது போதும், இன்னும் காரமாக வேண்டும் என்றால் பச்சோந்தி இருக்கவே இருக்கிறது. மனம் இரண்டு பக்கமும் இழுபட்டால் ‘ஊசலாட்டம்’. எதிலும் நிலைகொள்ளாமல் திரிந்தால் ‘அலைபாய்கிறது’. வாழ்வு, செல்வம், இளமை பற்றிய பேச்சானால் ‘நிலையாமை’ என்ற பழைய சொல்லின் கனம் வேறு எதற்கும் வராது. அதைப் பங்குச்சந்தைக்குப் போடாதீர்கள், அங்கே ‘ஏற்ற இறக்கம்’தான் நடப்புச் சொல்.

‘நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமும்’ என்பதை மாற்றத்துக்கெல்லாம் அடிக்கிறார்கள். அது வளர்ச்சிக்கு உரியது. குழந்தை அப்படி வளரும், புதிதாகத் தொடங்கிய கடை அப்படி வளரலாம். ‘ஆன்லைன் மோசடிகள் நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாக மாறுகின்றன’ என்று படித்தபோது அந்த மோசடிக்கு யாரோ தாலாட்டுப் பாடுவது மாதிரி இருந்தது. கிண்டலாக எழுதியிருந்தால் கைதட்டியிருப்பேன். அது விழிப்புணர்வு அறிவிப்பு.

இன்னொரு குழப்பம், ‘பரிணாமம்’, ‘பரிமாணம்’. படிப்படியாக மாறி இன்னொரு நிலைக்கு வருவது பரிணாமம். நீளம், அகலம், உயரம் பரிமாணம். ‘இந்தப் பாத்திரத்துக்கு நடிகர் புதிய பரிணாமம் கொடுத்திருக்கிறார்’ என்று சினிமா விமர்சனத்தில் வருவது பெரும்பாலும் பரிமாணத்தைத்தான் நினைத்து எழுதியது.

இலங்கை வாசகர்களுக்கும் போகிற எழுத்தாக இருந்தால் கலைச்சொற்களை ஒரு தடவை சரிபாருங்கள். உயிரினங்களின் பரிணாமத்தை அங்கே பாடநூலில் ‘கூர்ப்பு’ என்கிறார்கள், நாம் மாறுதிசை மின்னோட்டம் என்பது அவர்களுக்கு ‘ஆடலோட்டம்’. அரசு ஊழியரை வேறு ஊருக்கு அனுப்பினால் இங்கே ஆணையில் ‘பணியிட மாறுதல்’, அங்கே ‘இடமாற்றம்’.

கதையில் உரையாடல் எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மதுரை, திருநெல்வேலிப் பக்கம் ‘மாறிக்கிட்டே இருக்கு’. கோயம்புத்தூரில் ‘மாறிட்டே இருக்குதுங்க’. அக்கிரகாரத்துப் பாட்டி ‘மாறிண்டே இருக்கு’ என்பாள். யாழ்ப்பாணத்தில் ‘மாறிக்கொண்டே இருக்குது’ என்று எழுத்துக்கு நெருக்கமாகவே பேச்சும் இருக்கும். எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள், ஒரே ஆளின் வாயில் பக்கத்துக்கு ஒன்றாக மட்டும் வைக்காதீர்கள்.